மரமும் கையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. கம்பனையும் வள்ளுவரையும் எடுத்துப் பேச வல்லார் இம்மேடையில் எனக்கு முன்னும் பின்னும் அமர்ந்திருக்கின்றனர். நானோ இந்த அகமதாபாத் நகரத்து நூல் ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயந்திரங்களோடு பழகி ஓய்வு பெற்றவன். இவர்கள் நடுவே நான் இலக்கியம் பேசப் புகுந்தால், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஆகவே எனக்குச் சிறிது தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச எண்ணினேன். அது மரம். நான் ஆலையில் சேர்ந்த நாளில், தறியில் இப்புறமும் அப்புறமும் ஓடிய நாடா மரத்தால் ஆனது. கையில் எடுத்தால் மீன் போல் வழுவழுவென்று இருக்கும். அதைக் கருவி என்பதா, சிற்பம் என்பதா என்று அன்றே எனக்கு ஓர் ஐயம் இருந்தது.

அந்த ஐயத்தைச் சென்ற கோடையில் ஒரு நிகழ்ச்சி மீண்டும் கிளறிவிட்டது. நம் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர், ஒரு நாள் மாலை தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். (அவர் இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன், அவரும் இக்கூட்டத்தில்தான் இருக்கிறார்.) பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவன். பொறியியல் கல்லூரியில் இடம் உறுதி. ஆயினும் வடிவமைப்புக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டு, மரச்சாமான் வடிவமைப்பைத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறான்.

தந்தை சொன்னார்: "உளியும் இழைப்புளியும் பிடிக்கவா, சார், ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து இவனைப் படிக்க வைத்தேன்? ஊரில் உறவினர் கேட்டால், தச்சு வேலை படிக்கிறான் என்றா சொல்வேன்?"

பையன் உடனே மறுத்தான்: "தச்சு வேலை இல்லை, அப்பா. டிசைன். நாங்கள் வரைந்து கொடுப்போம். செய்கிறவர்கள் வேறு."

இருவரும் சண்டையிட்டுக்கொண்டதாக அவர்கள் எண்ணினர். எனக்கு அவர்கள் ஒற்றுமையே தெரிந்தது. தந்தை தச்சரைத் தாழ்வாக எண்ணினார். மகனோ தான் தச்சன் ஆகப் போவதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். அன்று இருவர்க்கும் காப்பி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். சற்று நீண்ட யோசனை, பொறுத்தருள வேண்டும்.

முதலில் மரத்தின் இயல்பைச் சொல்ல வேண்டும். கல்லையோ இரும்பையோ போல் மரம் அடங்கிக் கிடக்கும் பொருள் அன்று. வெட்டி, அறுத்து, உலர்த்தி, நூறு ஆண்டு கழிந்த பின்னும் அது காற்றின் ஈரத்தை வாங்கி விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். அதிலும் ஒரு முறை உண்டு. நீளவாட்டில் அது ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாட்டில்தான் சுருங்கும். அக்குறுக்கிலும், நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும். இச்சமமின்மையால்தான் பலகை வளைகிறது, வெடிக்கிறது, மழைக்காலத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திறக்க மறுக்கிறது.

நம் ஊர்ப் பழைய கதவுகளை நினைத்துப் பாருங்கள். நான்கு புறமும் சட்டம், நடுவே பலகை. அப்பலகையைத் தச்சர் பசையால் ஒட்டுவதில்லை, ஆணியும் அடிப்பதில்லை. சட்டத்தின் காடியில் அது சும்மா அமர்ந்திருக்கும். விரிந்தால் விரியட்டும், சுருங்கினால் சுருங்கட்டும் என்று அதற்கு இடம் விட்டிருப்பார்கள். இந்த அறிவை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உறுதியான உள்மரத்துக்கு வைரம் என்றும், வெளியே உள்ள மென்மரத்துக்கு வெளிறு என்றும் பெயரிட்ட மொழி நம்முடையது. வைரம் பாய்ந்த கட்டை என்று முதியவரைப் பாராட்டும்போது, நாம் தச்சரின் சொல்லைத்தான் கடன் வாங்குகிறோம்.

இனி, கலை எது, பயன்பொருள் எது என்ற கேள்விக்கு வருவோம். இன்று காலை நம் சகோதரி ஒருவர் இம்மேடையில் வீணை வாசித்தார். தஞ்சை வீணை பலா மரத்தால் ஆவது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் கடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. குடத்தைக் குடையும் தச்சர், சுவர் எவ்வளவு மெலிய வேண்டும் என்பதை விரலால் தட்டிக் காதால் அறிகிறார். கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவுக்கு நாதம் மிகுதி என்று சொல்லுவோரும் உண்டு. அதை நான் நம்பவில்லை, மறுக்கவும் மனம் வரவில்லை. இந்த வீணை கலைப்பொருளா, கருவியா? வாசிப்பவர்க்குக் கருவி, பார்ப்பவர்க்குச் சிற்பம், செய்தவர்க்கோ அந்த வேறுபாடே இல்லை. காஞ்சிபுரத்தில் அனந்தசரசுத் திருக்குளத்தில் நாற்பது ஆண்டு நீருள் இருந்து, 1979-இலும் 2019-இலும் வெளிவந்து காட்சி தந்த அத்திவரதர் திருமேனியும் மரந்தான். அதை மரம் என்று யார் சொல்வார்?

திருமூலர் திருமந்திரத்தில் மரயானை உவமை ஒன்று கூறுகிறார். யானையாகப் பார்ப்பவர்க்கு மரம் மறைகிறது. மரமாகப் பார்ப்பவர்க்கு யானை மறைகிறது. அவர் சொன்னது பரம்பொருளைப் பற்றி. நான் அதைச் சற்றே கீழிறக்கி மரச்சாமான் கடைக்குக் கொண்டுவருவதைச் சைவப் பெரியோர் மன்னிக்க வேண்டும். ஏனெனில், யானையும் மறையாமல் மரமும் மறையாமல் செய்ய முடியுமா என்பதே சென்ற நூற்றாண்டின் வடிவமைப்பாளர் சிலர் தம் வாழ்நாளைக் கொடுத்துத் தேடிய கேள்வி.

ஐரோப்பாவில் தோனெட் என்பவர் பீச் மரச் சட்டங்களை நீராவியில் பதப்படுத்தி வளைத்து, 1859-இல் ஒரு நாற்காலி வெளியிட்டார். ஆறு மரத் துண்டுகள், சில திருகாணிகள், அவ்வளவே. பிரித்துப் பெட்டியில் அடுக்கிக் கடல் கடந்து அனுப்பலாம். பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோ 1930-களில் பிர்ச் மரத்தை வளைத்துப் பார்த்தார். வளைத்துப் பார்த்த துண்டுகளையே சுவரில் மாட்டும் புடைப்புச் சிற்பங்களாகவும் அமைத்தார். சோதனையில் பிறந்தது ஒன்று முக்காலிக்குக் காலாயிற்று, மற்றொன்று சிற்பமாயிற்று.

ஆனால் நம் நகரத்தோடு தொடர்புள்ள கதை அமெரிக்காவின் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியருடையது. கணவர் கட்டடக் கலைஞர், மனைவி ஓவியர். மெல்லிய மரத்தாள்களை, நார் ஓட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கிப் பசையிட்டு ஒட்டினால் அது ஒட்டுப்பலகை. நான் முன்பு சொன்ன குறுக்குச் சுருக்கத்தை ஒரு தாள் செய்ய முயன்றால், அடுத்த தாள் தடுத்துவிடும். அதை ஒரு புறமாக மட்டும் வளைப்பது எளிது. கிண்ணம் போல் இரு புறமும் குழித்து வளைப்பதுதான் அரிது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் தாம் குடியிருந்த வாடகை வீட்டின் அறையிலேயே இருவரும் ஓர் அச்சு இயந்திரம் அமைத்தனர். சைக்கிள் பம்பினால் காற்றடித்து, ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தினர். முதுகும் இருக்கையும் ஒன்றாய் அமைந்த நாற்காலி செய்வதே அவர்கள் கனவு. பலகையோ, முதுகும் இருக்கையும் கூடும் மடிப்பில் வெடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குள் போர் வந்தது. கால் எலும்பு முறிந்த வீரர்க்கு உலோகக் கட்டுச்சட்டம் பயன்பட்டுவந்தது. அது தூக்குப் படுக்கையில் கொண்டுசெல்லும்போது அதிர்ந்து துன்பத்தை மிகுவித்தது. ஈம்ஸ் தம்பதியர் தம் ஒட்டுப்பலகையைக் காலின் வடிவத்துக்கே வளைத்து, அமெரிக்கக் கடற்படைக்குக் கட்டுச்சட்டம் செய்து கொடுத்தனர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,50,000 செய்யப்பட்டன. பலகை வெடிக்காமல் இருக்க அதில் கீறல்களும் துளைகளும் விட்டனர். துணிக் கட்டை அவற்றின் வழியே கோத்துக் கட்டவும் முடிந்தது. மரத்தின் குறையை மறைக்கப் பார்க்காமல், அக்குறை கேட்ட இடத்தில் வழிவிட்டதே வடிவமாயிற்று. இதே ஒட்டுப்பலகையை வளைத்து ரே ஈம்ஸ் சிற்பங்களும் செய்தார். போருக்குப் பின் வந்த நாற்காலியில் முதுகையும் இருக்கையையும் ஒன்றாக்கும் ஆசையை விட்டு, இரண்டையும் தனித்தனிப் பலகையாக அமைத்தனர். தோல்வியை ஒப்புக்கொண்ட அந்த நாற்காலியே உலகப் புகழ் பெற்றது. 1945-இல் குழந்தைகளுக்காக ஒட்டுப்பலகையில் யானை ஒன்றும் செய்தார்கள்! செய்வதற்கு அரிதாக இருந்தமையால் அந்நாளில் அது விற்பனைக்கு வராமல் மாதிரியாகவே நின்றுவிட்டது. திருமூலர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இந்த ஈம்ஸ் தம்பதியரைத்தான் இந்திய அரசு அழைத்தது. அவர்கள் 1958-இல் எழுதிக் கொடுத்த அறிக்கையின் வழியே, 1961-இல் நம் சாபர்மதி ஆற்றங்கரையில் தேசிய வடிவமைப்புக் கழகம் எழுந்தது. நாட்டில் கண்ட பொருள்களுள் அவர்கள் தலைவணங்கிப் பாராட்டியது எது தெரியுமா? லோட்டா. நம் வீட்டுச் செம்பு. யார் வடிவமைத்தார் என்று பெயர் இல்லாத, பல தலைமுறைக் கைகள் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம்.

பெயர் இல்லாத கைகள் என்றவுடன் இந்நகரத்தின் பழைய போள் வீதிகள் நினைவுக்கு வருகின்றன. புதிதாய்க் குடிவந்தோர் ஒரு ஞாயிறு காலை அவ்வீதிகளில் நடந்து பார்க்க வேண்டும். தேக்கு மரத் தூண்களும், மாடத்தைத் தாங்கும் கொடுங்கைகளும், பறவைக்கு இரை வைக்கும் சபூத்தரோக்களும் நிறைந்த அந்நகரம் 2017-இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. 1881-இல் லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்னும் அமெரிக்கர், மகன்பாய் ஹத்தீசிங் என்னும் இந்நகரத்துச் செல்வரோடு சேர்ந்து இங்கே மரச் சிற்பப் பட்டறை ஒன்று நிறுவினார். இவ்வூர்த் தச்சர் செதுக்கிய தேக்குச் சாளரம் ஒன்று நியூயார்க் நகரத்தில் பத்தாம் தெருவில் அவர் வீட்டு முகப்பில் இன்றும் நிற்கிறது. டி ஃபாரஸ்ட்டின் பெயர் கலை வரலாற்றில் இருக்கிறது. செதுக்கியவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

இப்போது என் உரையின் நடுவுக்கு வருகிறேன். ஜார்ஜ் நகாஷிமா என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் வரலாறு நம் தமிழ்க் கடற்கரையைத் தொட்டு இந்த அகமதாபாத்துக்கும் வருகிறது. ஆனால் நம்மிற் பலர் அவர் பெயரைக் கேட்டதில்லை. நானும் அன்று மாலை வரை அரைகுறையாகத்தான் கேட்டிருந்தேன்.

அவர் 1905-இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலை பயின்றார். இன்று நம் குடியிருப்பில் எந்தப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்தாலும் நாம் பந்தல் போட்டுவிடுவோம். பின்னர் டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டு என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். அந்த அலுவலகத்துக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியொன்றைக் கட்டும் பணி வந்தது. அதுதான் கோல்கொண்டா. ஐதராபாத் நிசாமின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி வழியே பொருள் கிடைத்தமையால் அப்பெயர் பெற்றது. அவ்வேலையை நேரில் இருந்து நடத்த நகாஷிமா 1937-இல் புதுச்சேரி வந்தார். 1939 வரை இருந்தார்.

அக்கட்டடத்தை வெளியிலிருந்தேனும் பார்த்தவர் இங்கே சிலர் இருக்கலாம். நம் நாட்டின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று அது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில், திறந்து மூடும் கிடைத்தகடுகள். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டங்கள் அடுக்கிய தள்ளுகதவுகள். கடற்காற்று நுழையும், கண்பார்வை நுழையாது. மின்விசிறி பரவாத காலத்தில் புதுச்சேரி வெயிலுக்கு மரம் சொன்ன விடை அது. உள்ளே இடுவதற்குத் தேக்கில் எளிய மரச்சாமான்களையும் நகாஷிமா வடிவமைத்தார். வந்த இடத்தில் அவர் அடியாராகவே ஆகிவிட்டார். ஊதியம் வேண்டாம் என்றார். அரவிந்தர் அவர்க்குச் சுந்தரானந்தர் என்று பெயரிட்டார். அழகில் இன்பம் காண்பவர் என்பது பொருள்.

அமெரிக்கா திரும்பித் திருமணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1942-இல், ஜப்பானோடு போர் மூண்டதைக் காரணம் காட்டி, அந்நாட்டு அரசு ஜப்பானிய வழிவந்த ஏறத்தாழ 1,20,000 பேரை வீடுவாசலை விட்டு முகாம்களில் அடைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். நகாஷிமாவும் கைக்குழந்தையோடும் மனைவியோடும் ஐடஹோ மாநிலத்தின் பாழ்நிலத்தில் மினிடோகா முகாமில் அடைபட்டார். பிறந்த நாட்டிலேயே ஒருவன் திடீரென அயலான் ஆகிவிடுவது எப்படிப்பட்டது என்பதை, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நாம் ஓரளவேனும் உணர முடியும்.

அந்த முகாமில் கெந்தாரோ ஹிகோகாவா என்னும் தச்சர் இருந்தார். ஜப்பானிய மரபில் பயின்றவர். இழைப்புளியை எப்படித் தீட்டுவது, ரம்பத்தை எப்படி இழுப்பது, ஆணியில்லாமல் கழுந்தையும் துளையையும் மயிரிழை பிசகாமல் எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் அவர்க்குக் கைவந்தவை. புகழ்பெற்ற கழகத்தின் பட்டதாரி, உலகம் சுற்றிய கட்டடக் கலைஞர், முப்பத்தேழு வயதில் அத்தச்சரிடம் மாணவராக அமர்ந்தார். கிடைத்த மரத்தில், எஞ்சிய துண்டுகளில் பயின்றார். இந்த ஓர் இடத்துக்காகவே இவ்வளவு நேரம் உங்களை அழைத்துவந்தேன். வரைபவன் வேறு, செய்பவன் வேறு என்ற சுவர் அந்த முகாமில் இடிந்தது. பட்டம் பெற்ற நகாஷிமா உலகுக்குக் கிடைத்திருப்பார், ஐயமில்லை. கட்டடக் கலைஞருள் ஒருவராக. நாம் இன்று நினைக்கும் நகாஷிமா அத்தச்சரின் மாணவரே.

1943-இல் ரேமண்டின் உதவியால் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்னும் ஊரில் பட்டறை வைத்தார். அங்கே அவர் செய்தது என்ன? மற்றவர் வெட்டி எறியும் பலகையின் புறவிளிம்பை, மரம் வளர்ந்த வளைவோடு அப்படியே விட்டார். கணுவை மறைக்கவில்லை. வெடிப்பை அடைக்கவில்லை. வெடிப்பு மேலும் ஓடாதபடி குறுக்கே ஓர் ஆப்புப் பதித்தார். அதைப் பட்டாம்பூச்சி என்று மேனாட்டார் கூறுவர்; எனக்கு அது நம் உடுக்கையாகத் தெரிகிறது. இரு முனையும் அகன்று, இடை குறுகி, இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு மறுவாழ்வு கொடுப்பதே தம் தொழில் என்று அவர் கருதினார். ஒரு பலகையை வாங்கி, அது எதற்கு உரியது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்துக் காத்திருப்பார். இன்று அவரைப் பார்த்து, எந்த மரப் பலகையையும் எடுத்து, நடுவே நீல நிறப் பிசினை ஆறு போல் ஊற்றி, பளபளவென்று தேய்த்து விற்கிறார்கள். அதில் மரம் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை, பிசின்தான் பேசுகிறது. இது என் சொந்தக் கருத்து; வாங்கி வைத்திருப்போர் வருந்த வேண்டாம்.

1964-இல் நம் நகரத்துத் தேசிய வடிவமைப்புக் கழகம் நகாஷிமாவை அழைத்தது. கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும் அதை நடத்திவந்த காலம். இங்கே தங்கி, இந்நாட்டு மரத்தில், இந்நாட்டுத் தச்சர் செய்யும்படி நாற்காலிகளும் மேசைகளும் வடிவமைத்துக் கொடுத்தார். நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் அந்த வளாகத்தில்தான் அது நடந்தது. 1990-இல் அவர் காலமானார். முந்நூறு ஆண்டளவு வளர்ந்த ஒரு பெரிய வால்நட் மரத்தைக் கொண்டு, கண்டத்துக்கு ஒன்றாக அமைதி மேடைகள் செய்ய வேண்டும் என்பது அவர் இறுதிக் கால எண்ணம். முதல் மேடை 1986-இல் நியூயார்க் நகரத் தேவாலயம் ஒன்றில் அமைந்தது. அவர் மறைவுக்குப் பின், 1996-இல், ஒன்று ஆரோவில்லுக்கு வந்தது. அன்று முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் மீராவே பட்டறைப் பொறுப்பை ஏற்று அதை நிறைவேற்றினார். விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் புதுச்சேரிப் பக்கம் போனால் பார்த்து வாருங்கள்.

சண்டிகரைப் பற்றி ஒரு சொல். அந்நகரத்து அலுவலகங்களுக்காக 1950-களில் பியேர் ஜானரே முதலானோர் தேக்கும் பிரம்பும் கொண்டு வடிவமைத்த நாற்காலிகளைப் பிற்காலத்தில் உடைசல் என்று மொட்டைமாடியில் குவித்து, விறகு விலைக்கு ஏலம் விட்டனர். வாங்கியவர் செப்பனிட்டு, வெளிநாட்டு ஏலத்தில் இலட்சக்கணக்கில் விற்றனர். 2011-இல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை விதித்தது. அரசாங்கத்தைக் குறை சொல்லுமுன், நம் வீட்டுக் கதவின் பின்புறத்தை நாம் பார்க்க வேண்டும்.

என் வீட்டுக் கதவின் பின்னால் ஓர் ஊஞ்சல் பலகை இருந்தது. தேக்கு. ஆறடி நீளம். என் தந்தையார் காலத்தது. ஊரில் வீட்டை விற்றபோது இரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஊஞ்சலில் மோகம் உள்ளவர்கள் நாம் மட்டும் அல்லர். குசராத்தியர் வீடுகளில் ஹீஞ்ச்கோ இல்லாத வீடு அரிது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டே, கூரையில் கொக்கி இல்லை, துளையிட வீட்டுக்காரர் இசையவில்லை என்று காரணம் சொல்லிப் பதினெட்டு ஆண்டு அதைக் கதவின் பின்னால் நிறுத்தி வைத்திருந்தேன். சென்ற ஆண்டு, பழைய சாமான் வாங்குபவரிடம் விலையும் கேட்டுவிட்டேன். அவர் தராசைக் காட்டினார். கிலோ கணக்கு! இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுபடி வந்த பையனிடம் அப்பலகையைக் காட்டினேன். "கல்லூரியில் சேர்வதா வேண்டாமா என்பது உங்கள் தந்தைக்கும் உனக்கும் உரியது. அதற்கு முன் இதை ஏதாவது செய்து காட்டு. வரைந்து அல்ல, உன் கையால்," என்றேன். உற்சாகமாகத் தூக்கிப்போனான். ஒரு பக்கத்தை இழைத்துப் பளபளப்பாக்கினான். ஒரு வாரத்தில் பலகை ஓடு போல் குவிந்துவிட்டது. முகம் வாடி வந்து நின்றான். நெடுங்காலம் காற்றோடு சமன்பட்டிருந்த மேல்தோலை ஒரு பக்கம் மட்டும் உரித்தால், அப்பக்கம் ஈரத்தை விடும் வேகம் வேறு, மறுபக்கம் வேறு. எனக்கு இதன் காரணம் தெரியும். சரிசெய்யும் கை எனக்கு இல்லை.

நம் குடியிருப்புக்கு வெளியே, சாலை திரும்பும் இடத்தில், குசராத்தித் தச்சர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். குசராத்தியில் தச்சரைச் சுதார் என்பர். சூத்திரதாரர் என்னும் சொல்லின் திரிபு அது. சூத்திரம் என்றால் நூல். நூல் பிடித்து அளப்பவர். நாமும் நூல் பிடித்தாற்போல் என்றுதானே சொல்கிறோம்! அவரிடம் பையனை அழைத்துச் சென்றேன். அவர் பலகையைத் தடவினார், முகர்ந்தார், பையனைப் பார்க்காமலே, "அவசரக்காரன்" என்றார். மறுபக்கத்தையும் அதே அளவு இழைக்கச் சொன்னார். காற்றுப் புகும்படி கீழே குச்சிகள் வைத்து நிழலில் கிடத்தச் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "அதுவே சொல்லும்" என்று விட்டுவிட்டார். ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் ஞாயிறுதோறும் பையன் அவர் கடையில் இருந்தான். காகா, காகா என்று அவர் பின்னாலேயே சுற்றினான். முதல் மாதம் முழுவதும் அவன் கற்றது உளி தீட்டுவது ஒன்றே என்று கேள்வி.

பலகையில் சங்கிலி மாட்டிய துளைகள் நான்கு. ஒன்றின் அருகே வெடிப்பு. துளைகளை அடைத்து மெருகிட்டால் புதுப்பலகை போல் இருக்கும் என்றார் சுதார் காகா. அடைக்க வேண்டாம் என்றான் பையன். இருவர்க்கும் அதில் பெரிய வாக்குவாதமே நடந்தது, நானும் இருந்தேன். கடைசியில் வெடிப்புக்கு மட்டும் ஈட்டி மரத்தில் ஓர் உடுக்கை ஆப்பு பதிப்பது, துளைகளை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஆப்பை வெட்டியவன் பையன். மூன்று முறை வெட்டினான், மூன்றாவதுதான் அமர்ந்தது.

இடையில் அவன் கல்லூரியிலும் சேர்ந்துவிட்டான். ஓராண்டு பார்ப்போம் என்று தந்தையார் விட்டிருக்கிறார். ஊரில் உறவினரிடம் இன்னும் "பொறியியல் மாதிரி ஒன்று" என்றே சொல்லிவருகிறாராம். அதோ, அவரே சிரிக்கிறார்.

அப்பலகை இப்போது நான்கு கால் பெற்று விசிப்பலகையாக நம் மண்டபத்துத் தாழ்வாரத்தில் கிடக்கிறது. செருப்பு விடும் இடத்துக்கு அருகே. கீழே குனிந்து பார்த்தால் இருவர் பெயர் உளியால் பொறித்திருக்கும்: ஒன்று தமிழில், ஒன்று குசராத்தியில். நிகழ்ச்சி முடிந்து வெளியே செல்லும்போது முதியோர் சற்று அமர்ந்து பாருங்கள். குழந்தைகள் அத்துளைகளில் விரலை விட்டுப் பார்ப்பார்கள், தடுக்க வேண்டாம். சுதார் காகாவையும் இன்று அழைத்திருந்தோம். கடையில் வேலை இருக்கிறது, நாட்டியம் தொடங்கும்போது வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.